தெரசா மே டீலை அவங்க சொந்த கட்சி எம்பிக்களே தோற்கடிச்சது எப்படி?

வைகைக்கரை:
ரொம்ப நாளா மண்டைய குடையுற சந்தேகம், இங்க விவரம் தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு கேக்குறேன். யூடியூப்ல 2019 பிரிட்டிஷ் பார்லிமென்ட் வீடியோ வரிசையா வருது, ஸ்பீக்கர் பெர்கோ ஆர்டர்ர்ர்னு கத்துறது பாக்க செமயா இருக்கு ஆனா என்ன நடக்குதுன்னுதான் ஒரு மண்ணும் புரியல. 2016 ஜூன் 23 ஓட்டெடுப்புல 51.9% பேர் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வாங்கன்னு சொல்லியாச்சு, ஆட்சியில இருக்குறது கன்சர்வேடிவ் கட்சி, பிரதமர் தெரசா மே யூனியனோட எப்படி வெளிய வர்றதுன்னு பேசி முடிச்சு ஒரு டீல் கொண்டு வராங்க. 2019 ஜனவரி 15 அன்னைக்கு ஓட்டுக்கு விட்டா 432க்கு 202னு தோல்வி! எதிர்த்து போட்டதுல 118 பேரு அந்தம்மா கட்சிக்காரங்களே. சரி, இவ்ளோ பெரிய அடி வாங்குனா பிரதமர் வீட்டுக்கு போகணும் இல்ல எதிர்த்தவங்க பதவி போகணும், ரெண்டும் நடக்கல, மறுபடி மார்ச்ல ரெண்டு தடவ கொண்டு வந்து ரெண்டு தடவயும் தோக்குறாங்க. நம்மூர்ல கொறடா சொன்னத மீறி ஓட்டு போட்டா எம்பி பதவியே காலி ஆயிடுமே, அங்க எப்படி?

ஓட்டுப்பெட்டி:
கொறடா விஷயம் சிம்பிள். நம்ம நாட்டுல 1985ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துச்சு, அங்க அப்படி ஒரு சட்டமே கிடையாது. கட்சிய மீறினா அதிகபட்சம் பார்லிமென்ட் கட்சிக் குழுவ விட்டு தூக்குவாங்க, எம்பி பதவிய யாராலயும் தொட முடியாது, அவர் பாட்டுக்கு தனி ஆளா உக்காந்துக்கலாம். 118 பேர தூக்குனா மே ஆட்சி அன்னைக்கே கவுந்துருக்கும். 2017ல அவசரப்பட்டு தேர்தல் வச்சு இருந்த மெஜாரிட்டியவும் தொலைச்சுட்டு 317 சீட்டோட வட அயர்லாந்து டியூபி கட்சியோட 10 எம்பிக்கள நம்பி ஓட்டிட்டு இருந்தாங்க, அதுல போயி யார தூக்குறது.

அவங்கள இறக்கவும் பாத்தாங்க. 2018 டிசம்பர்ல சொந்தக் கட்சிக்காரங்களே நம்பிக்கை ஓட்டு வச்சாங்க, 200க்கு 117னு தப்பிச்சாங்க, அந்தக் கட்சி விதிப்படி அப்புறம் ஒரு வருஷத்துக்கு திரும்ப வைக்க முடியாது. டீல் தோத்த மறுநாள் எதிர்க்கட்சியான லேபரோட தலைவர் கார்பின் கொண்டு வந்த நம்பிக்கையில்லா தீர்மானத்துல முந்தின நாள் எதிர்த்த அதே 118 பேரும் அவங்களுக்கு ஆதரவா ஓட்டு போட்டாங்க, லேபர் ஆட்சி வந்துடக்கூடாதுன்னு. டீல் வேணாம், ஆட்சி மட்டும் வேணும்!

ஆனா விஷயமே வேற எடத்துல இருக்கு. ஓட்டுச்சீட்டுல கேட்டது இருக்கணுமா போகணுமான்னு ரெண்டே ரெண்டு. எப்படி போகணும்னு யாரும் கேக்கல. நார்வே மாதிரி யூனியனோட பொதுச் சந்தைக்குள்ள இருந்துட்டே வெளிய வரலாம், சுங்கத்துல மட்டும் சேந்து இருக்கலாம், மொத்தமா அத்துக்கிட்டும் வரலாம், எல்லாமே பிரெக்சிட்தான், அதாவது பிரிட்டன் வெளிய வர்றதுதான். போகணும்ங்குறதுக்கு நாட்டுல மெஜாரிட்டி இருந்துச்சு, எந்த வழியில போகணும்ங்குற ஒவ்வொண்ணுக்கும் பார்லிமென்ட்ல மைனாரிட்டிதான் இருந்துச்சு. 2019 மார்ச் 27 அன்னைக்கு எம்பிக்களே எட்டு வழிய எழுதி வச்சு ஒவ்வொண்ணா ஓட்டு போட்டு பாத்தாங்க, எட்டும் ஃபெயில்.

இதுக்கு நடுவுல அயர்லாந்து பார்டர். வட அயர்லாந்து பிரிட்டன்ல இருக்கு, கீழ உள்ள அயர்லாந்து யூனியன்ல இருக்கு, நடுவுல 500 கிலோமீட்டர் எல்லை. 1998 குட் ஃப்ரைடே சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்க செக்போஸ்ட் எதுவும் இல்ல, திரும்ப வச்சா பழைய ரத்தக்களறி திரும்புமோன்னு எல்லாருக்கும் பயம். அதனால மே என்ன பண்ணாங்கன்னா வேற ஏற்பாடு கிடைக்குற வரைக்கும் மொத்த பிரிட்டனும் யூனியனோட சுங்க அமைப்புலயே இருக்கும்னு ஒரு ஷரத்து போட்டாங்க, அதுக்கு பேக்ஸ்டாப்னு பேரு. தீவிர பிரெக்சிட் கோஷ்டி, அதாவது ரீஸ்மாக் வகையறா, இது காலத்துக்கும் மாட்டிக்கிற பொறின்னு குதிச்சாங்க. டியூபி பிரிட்டனோட ஒட்டியே இருக்கணும்ங்குற கட்சி, வட அயர்லாந்துக்கு மட்டும் கூடுதலா தனி விதி வருதேன்னு அவங்களுக்கு கோவம். யூனியன்ல இருக்கணும்னு நினைச்ச கன்சர்வேடிவ்காரங்க வேற காரணத்துக்கு எதிர்த்தாங்க, இதுக்கு பேசாம உள்ளயே இருந்துடலாமேன்னு. ஒண்ணுக்கொண்ணு ஆகாத மூணு கூட்டமும் ஓட்டு போடுறப்ப மட்டும் ஒரே வரிசையில போயி நின்னுச்சு.

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஓட்டுப்பெட்டி நல்லா விளங்கப்படுத்தி இருக்கிறார். நான் லண்டனில இருக்கிறன், இஞ்ச நடந்த கூத்தில கன்சர்வேடிவை மட்டும் பிழை சொல்லேலாது, லேபருக்குள்ளயும் அதே குத்துவெட்டுதான். ரெஃபரண்டம், அதான் அந்த 2016 வாக்கெடுப்பு, முடிஞ்ச கையோட கார்பின் மனசு வச்சு பிரச்சாரம் செய்யேல்லை எண்டு சொல்லி அவற்ற எம்பிமாரே 172க்கு 40 எண்டு நம்பிக்கை இல்லை எண்டு வாக்குப் போட்டவை. மனுசன் இறங்கேல்லை, செப்டம்பரில கட்சி உறுப்பினர்மார் திரும்பவும் அவரைத்தான் தெரிவு செய்தவை.

லேபரின்ர சிக்கல் என்னெண்டா அதின்ர சனம் ரெண்டு துண்டு. லாம்பெத் மாதிரி லண்டன் இடங்களில 78% ரிமெய்ன் (இருக்கவேணும்), வடக்கில பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்களில லீவ் (போகவேணும்) அள்ளிக்கொண்டு போச்சுது. ரெண்டு பக்கத்தையும் வச்சிருக்கப் பாத்து 2019 தேர்தலில கார்பின் என்ன சொன்னவர் தெரியுமோ, நாங்கள் வந்தால் புது டீல் பேசுவம், பிறகு இன்னொரு ரெஃபரண்டம் வைப்பம், அதில நான் நடுநிலை எண்டு. வீடுவீடா வந்து நிண்ட லேபர் பெடியளுக்கே அதைச் சொல்லி முடிக்க மூச்சு வாங்கிச்சுது. போல்சோவரில 1970ல இருந்து எம்பியா இருந்த டென்னிஸ் ஸ்கின்னரே தோத்துப் போனார், டோனி பிளேயரின்ர பழைய தொகுதி செட்ஜ்ஃபீல்டும் போச்சுது.

எங்கட ஆக்களைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். அந்த ரெஃபரண்டத்தில கொமன்வெல்த் நாட்டுக்காரருக்கு வாக்கு இருந்தது, அதால இலங்கைப் பாஸ்போட், இந்தியப் பாஸ்போட் வச்சிருந்து இஞ்ச வசிச்ச ஆக்கள் போட்டவை. ஆனா பிரெஞ்சு, ஜேர்மன் பாஸ்போட் எடுத்துக்கொண்டு பாரிஸால, ஜேர்மனியால இஞ்ச வந்து குடியேறின தமிழ்ச் சனத்துக்கு வாக்கில்லை. எங்கட குடும்பத்துக்குள்ளயே மாமாவுக்கு வாக்கு இருந்தது, பாரிஸால வந்த சித்திக்கு இல்லை, முடிவால பாதிக்கப்பட்டது சித்திதான். மாமா லீவுக்குப் போட்டவர். ஐரோப்பாக்காரர் வாறது குறைஞ்சால் ஊரில இருந்து ஆக்களை எடுக்கலாம் எண்டு அவற்ற கணக்கு. கன்சர்வேடிவ் அமைச்சர் பிரீத்தி பட்டேல் அப்ப கறிக் கடைகளைக் காப்பாத்துவம் எண்டு பிரச்சாரம் செய்தவ, அதை நம்பினவை கனபேர். அந்த வருச நத்தாருக்கு சித்தியும் மாமாவும் கதைக்கேல்லை, இப்ப பரவாயில்லை.

ரெடிங்_கோடர்:
எல்லாரும் தீவிர பிரெக்சிட் கோஷ்டி மேலயே பழி போடுறீங்க, எனக்கு அது ஒத்துக்கல. நான் இங்க வந்து பல வருஷம் ஆச்சு, என் டீம்ல லீவுக்கு ஓட்டு போட்ட வெள்ளைக்காரங்க நிறைய பேரு, அவங்க யாரும் பேய் பிசாசு இல்ல. 1 கோடியே 74 லட்சம் பேரு போட்ட ஓட்டு அது. இருக்கணும்னு சொன்ன எம்பிக்களும் விட்டுக்குடுக்கலயே? ஏப்ரல் 1 அன்னைக்கு சுங்க யூனியன்ல இருக்கலாம்ங்குற தீர்மானம் 276க்கு 273னு வெறும் மூணு ஓட்டுல தோத்துச்சு. ரெண்டாவது ரெஃபரண்டம் கேட்டு தனியா போனாங்களே சேஞ்ச் யூகே ஆளுங்க, அவங்க அதுக்கு எதிரா போட்டாங்க. மூணு ஓட்டு சார்! முழுசா வேணும்னு அடம் புடிச்சு இருந்த அரையும் போச்சு. கடைசில வந்தது மேவுக்கு அப்புறம் பிரதமரான போரிஸ் ஜான்சனோட கடுமையான பிரெக்சிட், அதுக்கு இவங்களும் காரணம்தான்.

ஓட்டுப்பெட்டி:
ரெடிங்_கோடர் சொல்றதுல நியாயம் இருக்கு, அந்த மூணு ஓட்ட பத்தி யாரும் பேசுறதே இல்ல. ஆனாலும் ஆரம்பிச்சு வச்சது யாருன்னு பாக்கணும்ல. கன்சர்வேடிவ் கட்சியில ஐரோப்பா சண்டை, யூனியன உருவாக்குன மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்த காலத்துலேர்ந்து இருக்கு, அப்போ பிரதமரா இருந்த ஜான் மேஜர் 1993லயே சொந்த எம்பிக்கள்ட்ட படாத பாடு பட்டாரு. மேவுக்கு முன்னாடி பிரதமரா இருந்த கேமரூன் 2013 ஜனவரில, அடுத்த தேர்தல்ல ஜெயிச்சா ஓட்டெடுப்பு வைப்பேன்னு வாக்கு குடுத்ததே உள்கட்சி ஆளுங்க வாய அடைக்கவும் யூனியன விட்டு வெளிய வரணும்னு நின்ன ஃபராஜோட யூகிப் கட்சிக்கு ஓட்டு போகாம தடுக்கவும்தான்னு நான் நினைக்கிறேன். வீட்டுப் பங்காளி சண்டைய தெருவுக்கு கொண்டு வந்து ஊர்ப் பஞ்சாயத்து வச்ச கதை. தோத்ததும் மறுநாள் காலைல ராஜினாமா அறிவிச்சுட்டு போயிட்டாரு.

வைகைக்கரை:
ஈஸ்ட்ஹாம்வாசி அந்த ஓட்டுரிமை மேட்டர் எனக்கு சுத்தமா தெரியாது, ஆச்சரியமா இருக்கு. சரி அப்போ போரிஸ் ஜான்சன் மட்டும் எப்படி முடிச்சாரு? அதே பார்லிமென்ட்தானே?

ஓட்டுப்பெட்டி:
அதே பார்லிமென்ட்ல முடிக்க முடியல, அதான் விஷயம். மே பண்ண பயந்தத இவரு பண்ணாரு. 2019 செப்டம்பர் 3, அவரு பேசிட்டு இருக்கும்போதே ஃபிலிப் லீங்குற கன்சர்வேடிவ் எம்பி எந்திரிச்சு நடந்து போயி லிபரல் டெமாக்ரட் பக்கம் உக்காந்துட்டாரு, அந்த வீடியோ கண்டிப்பா பாருங்க, ஜான்சன் மூஞ்சி! அதோட மெஜாரிட்டி போச்சு. அன்னைக்கு ராத்திரியே அரசாங்கத்த எதிர்த்து ஓட்டு போட்ட சொந்தக் கட்சி எம்பிக்கள் 21 பேர கட்சிக் குழுவ விட்டு தூக்குனாரு. முன்னாள் நிதி அமைச்சருங்க கென் கிளார்க், ஹேமண்ட், சர்ச்சிலோட பேரன் நிக்கலஸ் சோம்ஸ் எல்லாரும் லிஸ்ட்ல. இதுல நக்கல் என்னன்னா மே டீல மொத ரெண்டு தடவ எதிர்த்து ஓட்டு போட்டவரு இதே ஜான்சன்தான். ரெண்டு நாள்ல சொந்தத் தம்பி ஜோ ஜான்சனும் அமைச்சர் பதவிய விட்டுட்டு போயிட்டாரு. பார்லிமென்ட்ட அஞ்சு வாரம் மூடி வைக்கப் பாத்தத சுப்ரீம் கோர்ட்ல 11 நீதிபதிகளும் ஒருமனசா செல்லாதுன்னுட்டாங்க.

அப்புறம் டீல் விஷயத்துல டியூபிய கழட்டி விட்டாரு. எல்லைய நிலத்துலேர்ந்து தூக்கி கடல்ல வச்சாரு, அதாவது பிரிட்டன்லேர்ந்து வட அயர்லாந்து போற சரக்குக்கு சோதனை. முந்தின வருஷம் அதே டியூபி மாநாட்டு மேடையில ஏறி எந்த பிரிட்டிஷ் அரசும் இதுக்கு ஒத்துக்க முடியாதுங்குற மாதிரி பேசிட்டு வந்தவரு! டிசம்பர் 12 தேர்தல்ல, டீலுக்கு ஓட்டு போடுவேன்னு ஒத்துக்கிட்டவங்கள மட்டும்தான் வேட்பாளரா நிறுத்துனாரு, 365 சீட். அப்புறம் யாரு எதிர்க்குறது, 2020 ஜனவரி 31 வெளிய வந்தாச்சு.

ஈஸ்ட்ஹாம்வாசி:
வெளியில வந்தது சரி, சண்டை எங்க முடிஞ்சுது. அந்தக் கடல் எல்லைக்காக டியூபி 2022 பெப்ரவரியில பெல்ஃபாஸ்ட் அரசாங்கத்தை விட்டு வெளியேறி ரெண்டு வருசம் அங்க அரசாங்கமே இல்லாமல் கிடந்தது. கன்சர்வேடிவ் 2024ல 121 சீட்டுக்கு வந்திட்டுது. ஃபராஜ் இப்ப ரிஃபோர்ம் எண்ட கட்சிப் பேரில பார்லிமெண்டுக்கு உள்ளுக்கயே வந்து இருக்கிறார், கேமரூன் ஆரை வெளியில வச்சிருக்க ரெஃபரண்டம் வச்சவரோ அந்த ஆள்!

சும்மா_பார்வையாளன்:
த்ரெட் முழுக்க படிச்சேன் செம. அந்த எட்டு ஓட்டு ஃபெயில் ஆன நாள் வீடியோ லிங்க் யார்ட்டயாவது இருக்கா?

ஓட்டுப்பெட்டி:
2019 மார்ச் 27னு தேதி போட்டு தேடுங்க, பெர்கோ ஒவ்வொரு ரிசல்ட்டா வாசிப்பாரு. நேரம் இருந்தா அக்டோபர் 19 சனிக்கிழமை நடந்த கூட்டமும் பாருங்க, 1982 ஃபாக்லாண்ட் போருக்கு அப்புறம் மொத தடவையா சனிக்கிழமை கூடுனாங்க, எல்லாரும் டீல் பாஸ் ஆகும்னு வந்து உக்காந்தா கடைசி நிமிஷத்துல லெட்வின் ஒரு திருத்தம் போட்டு தள்ளி வச்சுட்டாரு. அவரும் அந்த 21ல ஒருத்தர்தான்.