மறு: ‘ஒலிச்சித்திரம்’ போதாதா?

> தொலைக்காட்சித் தொடரை வானொலி நாடகமாக்குவதற்குப் புதுச்சொல் எதற்கு?
> ‘ஒலிச்சித்திரம்’ இருக்கிறதே.

வணக்கம் ஐயா. இருக்கிறது, ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை. திரைப்படத்தின் ஒலித்தடத்தை வெட்டிச் சுருக்கி ஒலிபரப்பினால் ஒலிச்சித்திரம். அங்கே வசனத்தை யாரும் திருப்பி எழுதுவதில்லை. விட்டுப்போனதைப் படம் பார்த்தவர் மனத்தில் நிரப்பிக்கொள்வார்.

பிபிசியின் நகைச்சுவைத் தொடர் ‘டாட்ஸ் ஆர்மி’யைப் பாருங்கள். தொலைக்காட்சியில் 1968–77இல் 80 அத்தியாயங்கள். அவற்றில் 67ஐ ஹரால்ட் ஸ்னோடும் மைக்கேல் நோல்ஸும் வானொலிக்கென மாற்றி எழுதினார்கள், 1974–76இல் ஒலிபரப்பானது. நடிகர்கள் பெரும்பாலும் பழையவர்களே, பதிவு மட்டும் புதிது. அதன் முதன்மைப் பாத்திரமான கேப்டன் மேனரிங் முறைத்தாலே திரையில் சிரிப்பு வரும். வானொலியில் அது வெறும் மௌனம்.

இன்னும் உண்டு. அணிவகுப்பில் அரை நிமிடம் பேசாமல் நிற்பவர் வெளியே போய்விட்டார் என்றே காது முடிவுகட்டும். அவருக்கு ஓர் இருமலாவது கொடுத்தாக வேண்டும். 10 விநாடித் துண்டுக்காட்சிகள் மாறி மாறி வந்தால், பின்னணி ஒலியை இறக்கி ஏற்றுவதற்குள் காட்சியே முடிந்துவிடும். இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்ப்பதுதான் வழி.

இப்படி மாற்றி எழுதுவதற்கு என்ன பெயர்? ‘ஒலிபெயர்ப்பு’ எழுத்துப்பெயர்ப்புக்கு (ஒரு மொழிச் சொல்லை இன்னொரு மொழி எழுத்தில் எழுதுவதற்கு)ப் போய்விட்டது. ‘வானொலியாக்கம்’ கருவியோடு கட்டிப்போடுகிறது. அதே பிரதி இன்று பாட்காஸ்டிலும் வருகிறது. என் பரிந்துரை ‘செவியாக்கம்’. திரையாக்கம் போலவே பெறுவழியைச் சுட்டுகிறது. ஒரு குறை: ‘செவியாக்கினார்’ என்றால் காது செய்து கொடுத்தது போல இருக்கிறது! ‘செவியாக்கம் செய்தார்’ என்றே எழுதலாம்.

கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும்: படம் காட்டியதைப் பேச்சில் ஏற்றும் வரிக்கு. “ஐயோ, வலது கையில் துப்பாக்கியோடு வருகிறானே!” என்பது மோசமான வகை, கண்ணெதிரே நடப்பதை யாரும் அப்படி வருணிப்பதில்லை. நல்ல வகை இது: “விசையிலருந்து விரலை எடு. அதை மெதுவா மேசைமேல வை.” பின்னாலேயே மரத்தில் இரும்பு படும் ஒலி. துப்பாக்கி என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இதற்குக் ‘காட்டுவசனம்’ என்றால் காட்டுக்குள் போய்விடுகிறது. ‘காட்சிவசனம்’ எல்லா வசனத்துக்கும் பொருந்தும். சுட்டெழுத்தின் வழியில் ‘சுட்டுவசனம்’ எனலாம். ‘சுட்ட வசனம்’ என்று யாராவது படித்துவைப்பார்கள் என்பதுதான் தயக்கம். வேறு தோன்றினால் எழுதுங்கள் ஐயா.