ஸ்லோவில் நிற்காமல் திணறும் பழைய வண்டி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒற்றைச்சிலிண்டர்

கார்புரேட்டர் வண்டி, நாலு ஸ்ட்ரோக். பிளக் புதுசு, ஏர் ஃபில்டர் சுத்தம், ஸ்லோ ஜெட்டையும் (ஸ்லோவில் பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) கழற்றி ஊதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாகிவிட்டது. அப்படியும் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓட விட்டால், ஒரு அடி விட்டு ஒரு அடி தட்டும். ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டால் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் மேலேயே தொங்கும், அப்புறம் திடீரென்று விழுந்து ஆஃப் ஆகும். ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது.

ஒருநாள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்புரேட்டரின் அடியில் கை கொடுத்து லேசாகத் தூக்கினேன். சத்தம் சட்டென்று சீரானது. கையை எடுத்தேன், திணறல். மறுபடி தூக்கினேன், சீர். அந்த நிமிடம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கிளாம்ப் பட்டைக்கு அடியில், மேல்பக்கம், நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. கார்புரேட்டரின் எடை இழுத்தால் அது வாய் திறக்கிறது. ஸ்லோவில் த்ராட்டில் (ஆக்சிலேட்டர் முறுக்கினால் திறக்கும் காற்றுக் கதவு) கிட்டத்தட்ட மூடியே இருப்பதால் எஞ்சின் உறிஞ்சும் வேகம் முழுக்க அந்த ஓட்டைக்குப் போய்விடுகிறது. த்ராட்டிலைத் திறந்தால் உள்ளே போகும் காற்றோடு ஒப்பிட அது ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஓட்டும்போது தெரியவில்லை.

டேப்பெட்சத்தம்

ரப்பரோடு நின்றுவிடாதீர்கள். அப்பாவின் வண்டி காலையில் ஒரே உதையில் எழுந்து அழகாக நிற்கும். நன்றாகச் சூடானதும் ஸ்லோவில் முக்கி முக்கி ஆஃப் ஆகும். ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட். அதற்கு முன்பு ஒரு மெக்கானிக் "டேப்பெட் சத்தமே வராது பாருங்க" என்று சொல்லி, வால்வை அழுத்தித் திறக்கும் அந்தப் பாகத்தின் இடைவெளியைச் சரிசெய்து கொடுத்திருந்தார். உண்மையிலேயே சத்தம் வரவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அதில் சந்தோஷம்.

எஞ்சின் முழுக்க ஆறியபின், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வந்து நிற்கும் நிலையில், எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தேன். அந்த வண்டிக்கு வேண்டியது 0.10 மி.மீ. நுழையவில்லை. 0.05 எடுத்தேன். அதுவும் நுழையவில்லை! இடைவெளியே இல்லை. சூட்டில் வால்வு நீண்டதும் முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறது. வேகமாகச் சுற்றும்போது கசிய நேரம் கிடைக்காததால் வண்டி ஓடுகிறது, ஸ்லோவில் மாட்டிக்கொள்கிறது. சரியான அளவுக்கு வைத்ததும் மெல்லிய டிக் டிக் வந்தது. வண்டியும் ஆஃப் ஆகாமல் ஸ்லோவில் நின்றது. பழைய எஞ்சினில் சத்தம் இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

மிக்சர்_ஸ்க்ரூ

@ஒற்றைச்சிலிண்டர், கார்புரேட்டரைத் தூக்கிப் பார்ப்பதைச் சோதனை என்று ஏற்க முடியாது. தூக்கும்போது த்ராட்டில் கேபிள் இழுபடலாம், ஃப்ளோட் கிண்ணத்தில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் இடம்) பெட்ரோல் மட்டம் மாறலாம். இரண்டில் எது நடந்தாலும் ஸ்லோ மாறும்.

எனக்கு நடந்தது வேறு. கடையில் சர்வீஸ் ஆகி வந்த கார்புரேட்டர், எவ்வளவு திருகினாலும் படியவில்லை. மிக்சர் ஸ்க்ரூவை (ஸ்லோவில் காற்று, பெட்ரோல் விகிதத்தைச் சரிசெய்யும் திருகு) கழற்றினால் நுனியில் ஸ்பிரிங் இருக்கிறது, வாஷர் இருக்கிறது, சின்ன ஓ-ரிங்கைக் காணோம். அந்த வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லாரும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு, வெளியே திருப்பினால் பெட்ரோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கு, வெளியே திருப்பினால் கூடும். இது தெரியாமல் திருகினால் எதிர்த்திசையில்தான் போவீர்கள். கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் கூர்நுனி கெட்டுப்போகும். பிறகு பல வண்டிகளுக்கு ஒன்றரைச் சுற்றிலிருந்து தொடங்கலாம், மேனுவல் இருந்தால் அதில் உள்ளபடி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் திருகுங்கள். ஆர்.பி.எம். எங்கே அதிகமாக நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவால் கீழே கொண்டுவாருங்கள். ஸ்க்ரூவை முழுக்க மூடியும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் ஸ்லோ வழி அடைத்திருக்கலாம், அல்லது ஐட்லிங் ஸ்க்ரூ த்ராட்டிலை அதிகமாகத் தூக்கி வைத்திருக்கலாம். ஜெட்டில் இரும்புக் கம்பி விடவே விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். காற்றுக் கசிவு பார்க்கச் சூடான எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்களும் உண்டு. தீப்பிடிக்கும், வேண்டாம்.

ஒற்றைச்சிலிண்டர்

கேபிளில் போதுமான தளர்ச்சி இருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். புது ரப்பர் போட்டதும் தொங்கல் போய்விட்டது. கார்புரேட்டரில் வேறு எதையும் தொடவில்லை. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

பாயின்ட்_கண்டென்சர்

பாயின்ட் (திறக்கும்போது கரன்டைத் துண்டித்து பிளக்கில் பொறி வரவைக்கும் சின்னத் தொடுமுனை) வைத்த வண்டி யாருக்காவது நினைவிருக்கிறதா? பிளக்கை வெளியே எடுத்து ஹெட்டில் வைத்து உதைத்தால் பொறி வரும். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் கரன்ட் சரி என்று எழுந்து போய்விடுவார்கள். வெளியே வரும் பொறி, கம்ப்ரஷனுக்குள்ளும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்படி ஒரு வண்டியை ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுப் பாயின்ட் மூடியைத் திறந்து ஓடவிட்டோம். பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியிலேயே தடித்த பொறி பளிச் பளிச் என்று. பிளக்குக்குப் போக வேண்டியதில் பாதி அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. பாயின்டில் பொறி தடிக்காமல் காக்கும் கண்டென்சர் போயிருந்தது. அதை மாற்றி, கருகிய பாயின்டையும் மாற்றி, இடைவெளியை 0.35 மி.மீ.க்கு வைத்தோம். சும்மா அங்கே சின்னப் பொறி தெரிவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தடிமனைப் பாருங்கள்.

இரட்டைக்கார்ப்

இரண்டு சிலிண்டர்காரர்கள் முதலில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஸ்லோவில் ஓடவிட்டு இரண்டு சைலன்சர் குழாயிலும், ஹெட்டுக்குப் பக்கத்தில், ஆளுக்கொரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வலதுபக்கம் சொய்ங் என்று காணாமல் போனது. இடதுபக்கம் அப்படியே வழிந்து கீழே சொட்டியது. இரண்டு கார்புரேட்டரையும் ஒத்து வைக்க (இரண்டும் ஒரே அளவில் திறக்கும்படி சரிசெய்ய) வேண்டும் என்று அதற்கு முன் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் எரியவே இல்லாதபோது எதை எதோடு ஒத்து வைப்பது? பிளக்குகளை இடம் மாற்றிப் பார்த்தேன், இடதுபக்கமே குளிர்ந்திருந்தது. இடது கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைப்பு. அதை எடுத்தபின் இரண்டையும் ஒத்து வைத்தேன்.