லாரி ஓட்டுநராக வாழ்ந்த எங்கள் அப்பாவின் நினைவு மலருக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லில் லாரி ஓட்டுநராக உழைத்து, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் கொண்டுவர விரும்புகிறோம். வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதை நாங்களே எழுதிவிடுவோம். சாலையில் எப்படி இருந்தார் என்பதை உடன் ஓடியவர்கள்தான் சொல்ல முடியும்.

1990களில், இன்று 44 என்று எண் மாறியிருக்கும் அன்றைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், பெங்களூரு, ஐதராபாத் வழியாக நாக்பூர் வரை அவர் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினார். எங்கே நிறுத்தினாலும் எஸ்.டி.டி. பூத்தைத் தேடிப்பிடித்து, பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்ட பிறகே தான் சாப்பிடுவார். வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி, அந்த ஒலியிலேயே காற்று குறைந்ததைக் கண்டுபிடித்துவிடுவார். தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்; கியர் இல்லாமல் இறக்கத்தில் இறங்கினால் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும் என்பதால், அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன்.

அவரோடு கிளீனராகவோ மாற்று ஓட்டுநராகவோ சென்ற அண்ணன்மார்களும், பாடி கட்டும் பட்டறைகளில் அவரோடு பழகியவர்களும் இங்கே இருந்தால், நினைவில் நிற்கும் ஒரு சம்பவத்தையாவது எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதச் சிரமமாக இருந்தால் குரல் பதிவாக அனுப்பலாம். லாரியோடு அவர் நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லாததால், பழைய ஆல்பங்களையும் தயவுசெய்து பாருங்கள். தனிச்செய்தியில் தொடர்புகொண்டால் அவருடைய பெயரையும் படத்தையும் அனுப்பிவைக்கிறேன்.