நெடுநகரா, கட்டடச்சூழலியலா?

அன்புடையீர்,

ஓர் ஊரையே சூழலுக்கு இசைந்த ஒரே கட்டடமாக எழுப்புவதைக் குறிக்கும் 'ஆர்க்காலஜி' என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டு ஒரே வாரத்தில் இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பேண்தகு கட்டடக்கலைக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறார். மற்றவர் அறிவியல் புனைகதை ஒன்றை மொழிபெயர்த்து வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டியவர். இருவருக்கும் ஒரே சொல் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

கட்டடக்கலைஞர் பாவ்லோ சொலேரி 1969இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய இச்சொல்லில் கட்டடக்கலையும் சூழலியலும் பிணைந்திருப்பதால், 'கட்டடச்சூழலியல்' நேர்மையான ஆக்கமே. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய வரியில் அதை வைத்துப் பாருங்கள்: "அவள் கட்டடச்சூழலியலின் நாற்பதாம் தளத்தில் குடியிருந்தாள்." இயலில் யார் குடியிருப்பது? ஆங்கிலத்தில் அச்சொல் துறைக்கும் ஆகும், கட்டடத்துக்கும் ஆகும். தமிழில் 'இயல்' என்று முடித்தால் துறை மட்டுமே நிற்கும்.

வேரை விடக்கூடாது என்னும் நண்பர் கிரேக்கத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். 'ஆர்க்கிடெக்சர்' என்பதில் உள்ள 'தெக்தோன்' கட்டுபவன், 'எக்காலஜி'யில் உள்ள 'ஒய்கோஸ்' வீடு. வெட்டி ஒட்டியதில் கட்டுபவன் முழுதாக உதிர்ந்துபோனான். வீட்டின் பங்குக்கு ஒரு ககரமாவது மிஞ்சியதா என்பதே ஐயம். (தெக்தோனுக்கும் தச்சனுக்கும் உறவு உண்டுதான், ஆயினும் தச்சன் வடசொல்லா என்று தொடங்கிய சண்டையை இத்துடன் விட்டுவிடலாம்.)

என் பரிந்துரை 'நெடுநகர்'. சங்க இலக்கியத்தில் நகர் என்பது ஊரை மட்டுமன்றி மாளிகையையும் மனையையும் குறிக்கும். ஊரே ஒரு கட்டடமாக நிற்பதைச் சொல்ல இதைவிடப் பொருந்திய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 'சூழ்நகர்' வினைத்தொகையாக அழகுதான், ஆனால் படிப்பவர் புறநகர் என்றே கொள்வார். 'நெடு' நீளத்தைக் குறிக்காதா என்றால், நெடுமரமும் நெடுவரையும் உயரத்தால் நெடியவை. ஆயினும் 2021இல் சவுதி அரேபியா அறிவித்த 170 கிலோமீட்டர் நீள நகரத்தைக் காட்டி மடக்கினால் என்னிடம் மறுமொழி இல்லை.

வடசொல்லுக்கே தொல்காப்பியர் வழிவிட்டாரே, ஒலிபெயர்த்து எழுதினால் என்ன என்பதும் கேட்கத்தக்கதே. ஆனால் 'ஆர்க்காலஜி'யைத் தொல்லியல் என்று படித்து இருவர் ஏற்கெனவே அகழாய்வுக் குழிக்குள் இறங்கிவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் 'நெடுநகர்' என்றே அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். பாடக்குறிப்பு எழுதுபவர் இசையவில்லை. 1970இல் அரிசோனாவில் கட்டத் தொடங்கிய, 5,000 பேருக்கெனத் திட்டமிட்ட சொலேரியின் சோதனை நகரமான ஆர்க்கோசாந்தியின் நோக்கம் உயரம் அன்று, நிலத்தையும் ஆற்றலையும் சிக்கனமாகச் செலவிடுவதே என்பதால், 'சூழல்' இல்லாத சொல்லை மாணவர்முன் வைக்க முடியாது என்கிறார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. அவருடைய குறிப்பில் 'கட்டடச்சூழலியல்' என்றே இருக்கும்.