நட்ட 25 நாளில் பயிர் மஞ்சளிக்கிறது: மண் மீட்டர் வாங்கலாமா, இலை வண்ண அட்டை போதுமா?

வடவாற்றுக்கரை:
வணக்கம். மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர் சம்பா நெல், ரகம் சி.ஆர். 1009 சப் 1. நட்டு 25 நாள் ஆகிறது. இரண்டு ஏக்கர் நன்றாகப் பச்சை கட்டிவிட்டது. பள்ளமான ஒரு ஏக்கரில் மட்டும் திட்டுத்திட்டாக மஞ்சள், தூரும் சரியாகக் கட்டவில்லை. அடியுரம் டிஏபி (தழையும் மணியும் உள்ள உரம்). உரக்கடையில் இன்னொரு மூட்டை யூரியா வீசச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதையாவது வைத்து அளந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். மண்ணில் குத்தினால் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) மூன்றுக்கும் எண் காட்டும் மீட்டர் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. இலையின் பச்சையை ஒப்பிட்டு எண் பார்க்கும் இலை வண்ண அட்டை கையில் இருக்கிறது (எண் குறைந்தால் வெளிறிய இலை), அதில் 3-தான் காட்டுகிறது. போனில் படம் எடுத்தால் சொல்லும் செயலியும் உண்டாம். எதை நம்புவது?

குடமுருட்டி:
தம்பி, மீட்டரை விட்டுவிடுங்கள். விலை குறைந்த அந்தக் கருவிகள் பெரும்பாலும் மண்ணில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை வைத்தே மூன்று சத்துக்கும் எண் போடுகின்றன. உப்பு கூடினாலும் எண் ஏறும். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் அதை நம்பி உரம் போட முடியாது. அது துத்தநாகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எனக்குச் சந்தேகமே துத்தநாகக் குறை என்றுதான்.

அட்டை நல்லது. ஆனால் அது ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இப்போது தழைச்சத்து வேண்டுமா, வேண்டாமா. வேறு சத்து குறைந்து இலை வெளுத்தாலும் அது 3 என்றுதான் காட்டும். அதனால் முதலில் இலையைப் பாருங்கள். அடி இலை புள்ளி எதுவும் இல்லாமல் சீராக வெளிறினால் தழைச்சத்து. அடி இலைகளில் துரு நிறப் புள்ளி, இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளுப்பு, பயிர் ஏற்ற இறக்கமாக நிற்பது, இதெல்லாம் துத்தநாகக் குறை. புது இலைதான் முதலில் மஞ்சளித்தது என்றால் கந்தகமோ இரும்போ குறைந்திருக்கலாம்.

வெண்ணாறு:
ஒரு தூரைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடித்தால், வடிகாலைச் சரிசெய்யாமல் எந்த உரம் போட்டும் பயனில்லை.

வடவாற்றுக்கரை:
பார்த்துவிட்டேன். அடி இலைகளில் துரு நிறப் புள்ளி நிறைய இருக்கிறது. வேரில் வாடை இல்லை, புது வெள்ளை வேரும் வருகிறது. அந்தப் பள்ளத்தில் நட்டதிலிருந்து தண்ணீர் வற்றவே இல்லை.

குடமுருட்டி:
அப்படியானால் பெரும்பாலும் துத்தநாகம்தான். தண்ணீர் விடாமல் நின்றால் மண்ணில் இருக்கும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காது. மணிச்சத்து கூடினாலும் அப்படித்தான். மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு துத்தநாக சல்பேட் அரை சதம், யூரியா ஒரு சதம் கரைத்துத் தெளியுங்கள். 10 லிட்டர் டேங்கிற்கு 50 கிராமும் 100 கிராமும். குறி மறையும் வரை 15 நாளுக்கு ஒருமுறை அடிக்கலாம்.

இதில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். மஞ்சள் திட்டிலேயே ஒரு சிறு கீற்றில் யூரியா கரைசலை மட்டும் அடியுங்கள். அந்தக் கீற்றும் மற்ற இடம் போலவே பச்சையானால் என் ஊகம் தவறு. அது மட்டும் பின்தங்கினால் துத்தநாகம் உறுதி. மூன்று ஏக்கருக்கு இதைவிட நல்ல கருவியை யாரும் விற்க மாட்டார்கள்.

வெண்ணாறு:
செயலியைப் பற்றி: வெயிலுக்கும் மேகத்துக்கும் போன் படத்தில் பச்சை மாறிவிடும். நோய், பூச்சி அடையாளம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், உர அளவுக்கு வேண்டாம்.

வடவாற்றுக்கரை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தெளித்த இடத்தில் புது இலை முன்பைவிடப் பச்சை. யூரியா மட்டும் அடித்த கீற்று பின்தங்கித்தான் நிற்கிறது. மிக்க நன்றி அண்ணே. இன்று அட்டை வைத்துப் பார்த்தேன், பத்தில் ஏழு இலை 4-க்குக் கீழே. இப்போது மேலுரம் போடலாமா? எவ்வளவு?

குடமுருட்டி:
ரொம்பச் சந்தோஷம் தம்பி. அந்தக் கீற்றுக்கும் துத்தநாகம் அடித்துவிடுங்கள். இப்போது அட்டையை நம்பலாம். பத்தில் ஆறு இலைக்கு மேல் 4-க்குக் கீழே இருப்பதால் போட வேண்டியதுதான். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3-ஐ அளவாக வைக்க வேண்டும், உங்கள் ரகத்துக்கு 4. மழைக்காலப் பயிருக்கு ஒரு தடவைக்கு எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 26 கிலோ யூரியா வரும், அதாவது 45 கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்று மேல். முழு மூட்டையை வீசினால் புகையான் பூச்சியும் குலைநோயும் தேடி வரும், சம்பா சாய்ந்தும் போகும்.

அளக்கும்போது காலை 8 முதல் 10 மணிக்குள், ஒரே ஆள், முழுதாக விரிந்த மேல் இலை. பறிக்காமல், உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். பூக்கும் வரை வாரம் ஒருமுறை. நன்றாக இருக்கும் இரண்டு ஏக்கரைத் தனியாக அளந்து பாருங்கள், அங்கே இன்னும் தேவைப்படாமல் இருக்கலாம்.

அறுவடை முடிந்ததும் பள்ள ஏக்கரின் மண்ணைத் தனி மாதிரியாக எடுங்கள். வரப்போரம், எருக்குவித்த இடம் வேண்டாம். பல இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து அரை கிலோ போதும். ஆய்வகத்தில் துத்தநாகமும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். குறைவு என்று வந்தால் அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவ வேண்டும். டிஏபியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது.

வடவாற்றுக்கரை:
சரி அண்ணே. மழை விட்டதும் தண்ணீரை வடித்துவிட்டு அந்த ஒரு ஏக்கருக்கு 26 கிலோ போடுகிறேன். மற்ற இரண்டையும் நாளைக் காலை அளக்கிறேன்.