சுங்கான் புகையிலையில் சவர்க்கார மணமும் வினாகிரிப் புளிப்பும் எப்படி வருகின்றன?

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி):

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் வசிக்கும் என் தாய்மாமன் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, தாம் கொண்டுவந்த, சுங்கானில் (புகைக்குழாயில்) இட்டுப் புகைக்கும் புகையிலைப் பேணிகளில் சிலவற்றை என்னிடம் விட்டுச் சென்றார். புகையிலை என்றால் சுருட்டின் காரமும் வெற்றிலைத் தட்டத்தில் கிடக்கும் துண்டின் நெடியும்தான் எனக்குத் தெரிந்தவை. ஆனால் இந்தப் பேணிகளைத் திறந்தபோது ஒன்றில் வாசனைச் சவர்க்காரத்தின் மணம் வந்தது. இன்னொன்றில் இலை கறுத்து, அடுப்புப் புகையில் நெடுநாள் கிடந்த பொருளைப் போல நெடித்தது. மூன்றாவதைத் திறந்த உடனே வினாகிரி மூக்கில் ஏறியது. சற்று நேரம் கழிந்தபின் அதே இலையில் உலர்ந்த முந்திரிகையின் இனிப்பு தெரிந்தது.

பின்னைய இரண்டின் மேலுறையிலும் இலை வகைகளின் பெயர்கள் மட்டுமே உள்ளன. வாசனை சேர்த்ததாக எதுவும் எழுதப்படவில்லை. இலையிலிருந்து மாத்திரம் இத்தகைய சுவைகள் பிறக்க முடியுமா, அல்லது பயணத்திலும் இங்குள்ள வெக்கையிலும் அவை பழுதாகிவிட்டனவா? புகைப்பதற்கான பொருளில் பூவின் மணத்தை ஏற்றுவதற்கு என்ன காரணம் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கொண்டல்காற்று (வவுனியா):

வணக்கம் தம்பி. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் எதுவும் பழுதாகவில்லை. இரண்டாவது பேணியில் இருப்பது லட்டாக்கியா கலந்த கலவை. மூன்றாவதில் பெரிக் இருக்கிறது. மேலுறையை மீண்டும் பாருங்கள், அந்தப் பெயர்கள் எங்காவது இருக்கும். சுங்கான் புகையிலையில் மிகவும் வியப்பூட்டும் சுவைகள் போத்தலிலிருந்து ஊற்றப்பட்டவை அல்ல என்பதும், விறகும் பீப்பாவும் காலமும் சேர்ந்து இலைக்குள்ளேயே உண்டாக்கியவை என்பதும் என் நெடுநாள் கருத்து.

லட்டாக்கியா என்பது சிரியாவின் துறைமுக நகர் ஒன்றின் பெயர். கீழைத்தேயச் சிற்றிலைப் புகையிலையை வெயிலில் உலர்த்தியபின், அடைத்த கொட்டிலில் தொங்கவிட்டு, கருவாலி, பைன், மிர்ட்டில், மஸ்ரிக் போன்ற மரங்களையும் புதர்களையும் கனலவிட்டு வாரக்கணக்கில் புகையூட்டுவார்கள். பின்னர் சைப்பிரஸ் தீவும் இதற்குப் பெயர்பெற்றது. இன்று சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி சைப்பிரஸ் வகையே. இறைச்சி வற்றலை அடுப்புக்கு மேலே பரணில் கட்டிவைக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த மணம் அந்நியமாகத் தோன்றாது. மணம் இவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் இலை நிக்கொற்றின் வலிமை குறைந்தது. நெடியைக் கொண்டு வலிமையை அளப்பவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். அமெரிக்காவின் கென்ரக்கி, ரெனசி மாநிலங்களில் கடின மரங்களின் புகையில் பதமாக்கும் கரும் புகையிலையோ இதற்கு நேர் எதிரானது: மணமும் கனம், வலிமையும் கனம்.

பெரிக்கின் கதை இன்னும் சுவையானது. லூசியானா மாநிலத்தின் சென் ஜேம்ஸ் பகுதியில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சிறிய நிலப்பரப்பில் விளையும் இலையை, முன்பு விஸ்கி இருந்த ஓக் பீப்பாக்களில் திணித்து, திருகு யாக்கியால் அழுத்திவிடுவார்கள். இலை தன் சாற்றிலேயே ஏறத்தாழ ஓராண்டு ஊறிப் புளிக்கும்; இடையிடையே வெளியே எடுத்து, காற்றாடவிட்டு, மீண்டும் அழுத்துவார்கள். காற்றுப் பட்டதும் இலை கறுத்துவிடும். அத்தி, பிளம்ஸ் போன்ற பழச் சுவையும் மிளகின் காரமும் அதில் ஒன்றாகத் தெரியும். உள்ளூர்ப் பழங்குடியினரிடமிருந்து இம்முறையைக் கற்று, 1824 அளவில் அதை வணிகமாக்கியவர் பியர் செனே என்ற விவசாயி என்று மரபாகச் சொல்வார்கள். கறிக்கு மிளகு போடுவதைப் போல இதைச் சிறிதளவே சேர்ப்பார்கள். தனியாகப் புகைத்தால் தலை சுற்றும்.

வினாகிரி நெடிக்கு பெரிக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதனுடன் சேரும் வேர்ஜீனியா இலையில் இயல்பாகவே சர்க்கரை மிகுதி. இலை மஞ்சளானதும் சூடேற்றி அதன் உயிர்வேலையை நிறுத்திவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. 1839இல் வட கரோலினாவில், ஸ்ரீபன் என்ற அடிமைத் தொழிலாளி இரவில் கண்ணயர்ந்து, அணையப்போன நெருப்பைக் கரிபோட்டு அவசரமாக மூட்டியதில் இலை பளிச்சென்று மஞ்சளாக வந்ததாகவும், அதிலிருந்தே இந்தப் பதப்படுத்தல் முறை பரவியதாகவும் சொல்லப்படுகிறது. இத்தகைய இலை மூடிய பேணிக்குள் மெல்ல மாறும்போது புளிப்பு மணம் சேர்வது வழமை. திறந்து சிறிது நேரம் காற்றாடவிட்டால் அது போய்விடும். இலையில் மினுங்கும் மணிகள் தெரிந்தால் அவை இலையிலிருந்து வந்த படிகங்களாகவே இருக்கும். பஞ்சு போலப் படர்ந்து பூசண மணமும் வந்தால் மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

சவர்க்கார மணத்தைப் பொறுத்தவரை, அது இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகள் நிறைந்த மாவட்டத்தின் வாயிலில் உள்ள கெண்டல் நகரின் கைங்கரியமாக இருக்கக்கூடும். அங்கே 1792 முதல் மூக்குத்தூள் அரைத்துவருகிறார்கள். மூக்குத்தூளுக்கு ரோசாவும் லவெண்டரும் சேர்ப்பது பழைய வழக்கம் என்பதால், அதே கைகள் சுங்கான் இலைக்கும் ஜெரேனியம், தொன்கா விதை, வாதுமை வாசனைகளை ஏற்றியதில் வியப்பில்லை. அதன் அடியார்கள் அதை விட்டு வேறெதையும் தொடமாட்டார்கள். எனக்கு அது இலையின் முகத்தில் பூசிய பவுடராகவே படுகிறது.

பழைய தோட்டக்காரன் (புதுக்குடியிருப்பு):

கொண்டல்காற்று அண்ணாவின் விளக்கம் அருமை. ஆனால் கடைசி வரியுடன் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்து இங்கே வருவதற்கு முன் தென்மராட்சியில் புகையிலைத் தோட்டம் செய்தது. அங்கும் இலையை வாடவிட்டு, அடைத்த கொட்டிலில் கட்டி, பொச்சுமட்டையைக் கனலவிட்டுப் புகை போடுவார்கள். ஆகவே லட்டாக்கியாவைப் பற்றி வாசிக்கையில் எனக்கு அது தூரதேசத்துப் புதினமாகப் படவில்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது; அங்கு வெற்றிலையோடு மெல்லுபவர்கள் அந்தச் சுவையையே தேடி வாங்கினார்கள்.

வெளியிலிருந்து சேர்ப்பதை மட்டும் ஏன் தாழ்வாகப் பார்க்க வேண்டும்? தமிழகத்தில் மெல்லும் புகையிலைக்குக் கருப்பட்டிக் கரைசலையும் உப்புநீரையும் தெளித்து அடுக்கிப் பதமாக்கும் வழக்கம் உண்டு. காற்றில் உலர்த்தும் பேளி என்ற அமெரிக்கப் புகையிலை வகையை எடுத்துக்கொண்டால், வாரக்கணக்கில் தொங்கும்போது அதன் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோவதால், அதிமதுரம், கொக்கோ, சர்க்கரைப் பாகு ஆகியவற்றில் ஊறவைத்த பிறகே அது பலருக்குப் பிடிக்கும் பொருளாகிறது. 1864இல் ஒகையோவில் வெள்ளைப் பேளி கண்டுபிடிக்கப்பட்டபின் அமெரிக்க வியாபாரிகள் அதை விரும்பியதற்குப் பெரிய காரணம், அது பாகைத் தண்ணீர்போல உறிஞ்சிக்கொண்டதுதான். இலையில் முதலில் ஊறி உள்ளே போகும் பாகு வேறு, வெட்டியபின் மேலே தெளிக்கும் வாசனை வேறு. பின்னையதில் வரம்பு மீறுபவர்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; முன்னையது சமையலில் உப்புப் போடுவதைப் போன்ற அடிப்படை வேலை.

ஒட்டுசுட்டான் வாசகி:

நான் இரசாயனம் கற்பிப்பவள். புகைப்பதில்லை, பிறர் புகைப்பதையும் ஊக்குவிக்கமாட்டேன். இருந்தாலும் கேள்வி சுவையானது. மரத்திலுள்ள லிக்னின் கனலும்போது குவையக்கோல் முதலான பீனோல் சேர்வைகள் உண்டாகின்றன. புகையூட்டிய இறைச்சி, மீன், லட்டாக்கியா ஆகிய மூன்றுக்கும் பொதுவான மணத்துக்கு அவை காரணம். தொன்கா விதையில் இருப்பது குமாரின். வெட்டிய வைக்கோலும் வனிலாவும் கலந்தாற்போன்ற மணம் உடையது. ஈரலுக்குக் கேடு செய்யலாம் என்ற அச்சத்தால் அமெரிக்காவில் 1954இல் அதை உணவில் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. (நம் நாட்டுக் கறுவாவில் குமாரின் மிகச் சொற்பம், மலிவான கசியாப் பட்டையில்தான் அது மிகுதி. கறுவா வாங்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.)

மணத்தைப் பற்றி இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழம், மிட்டாய் முதலான சுவைகள் இளையோரை இழுக்கின்றன என்பதால் அமெரிக்கா 2009இல் சிகரெட்டில் மென்தோல் தவிர்ந்த சுவையூட்டல்களைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டின் பணிப்புரையால் அதே வழியில் சென்று, 2020இல் மென்தோலையும் நிறுத்தியது. சுங்கான் புகையிலை இரு இடங்களிலும் அந்தத் தடைக்கு வெளியே நின்றது. அதனால்தான் இந்த மணங்கள் இன்னும் பேணிகளில் வாழ்கின்றன. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையை விற்க முடியாது. புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்து விடுகிறோம் என்பது பாதுகாப்பு அன்று. வாய், தொண்டைப் புற்றுநோய்கள் சுங்கான் பிடிப்போருக்கும் வருகின்றன.

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி):

மூவருக்கும் மிக்க நன்றி. மேலுறையைத் தேடிப் பார்த்தேன். சிறிய எழுத்தில் லட்டாக்கியா, பெரிக் ஆகிய பெயர்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆசிரியையின் எச்சரிக்கையையும் மனத்தில் கொள்கிறேன். மாமாவின் பழைய மரச் சுங்கானில் பூமணப் புகையிலையை அவர் ஒருமுறை நிரப்பியிருந்தாராம். அதன்பின் அதில் எதை இட்டாலும் பூமணமே முதலில் வருகிறது என்று குறைப்படுகிறார். அதற்கு வழி உண்டா?

கொண்டல்காற்று (வவுனியா):

சுங்கான் செய்யும் பிரையர் என்பது மத்தியதரைக் கடற்கரைப் புதர் ஒன்றின் வேர்க்கட்டை. அது நெருப்பைத் தாங்கும். ஆனால் எண்ணெய்ப் பிடிப்புள்ள வாசனைகளை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். கெண்டல் வகை வாசனை இவ்விடயத்தில் மிகவும் பிடிவாதமானது. கிண்ணத்தின் உட்புறக் கரிப்படிவை மெல்லச் சுரண்டி, சாராயத்தில் நனைத்த பஞ்சால் தண்டைத் துடைத்தால் ஓரளவு குறையும். முழுதாகப் போகும் என்று உறுதி சொல்லமாட்டேன். வாசனை ஏற்றிய இலைக்குத் தனிச் சுங்கான் வைத்துக்கொள்வதே பட்டறிந்தவர்கள் செய்வது. அதற்குச் சோளப் பொத்தியின் தண்டில் செய்த மலிவான சுங்கான் போதும். மிசூரி மாநிலத்தில் 1869 முதல் அவற்றைத் தொழிற்சாலையில் செய்துவருகிறார்கள், மணம் ஏறிவிட்டால் எறிந்துவிடலாம்.

தோட்டக்காரத் தம்பிக்கு: பாகைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பூமணத்தை இன்னும் ஏற்கவில்லை. இரணைமடுத் தம்பி, பேணிகளை மாமா மறுமுறை வரும்வரை வைத்திருப்பதானால் தகரக் கூரையின் கீழ் வைக்க வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த இலை விரைவில் வறண்டுவிடும். இறப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தல்களில், ஒவ்வொரு வகையையும் வெவ்வேறாக அடைத்து, இருட்டான இடத்தில் வையுங்கள்.