பால்புழு நோய் வந்த பட்டுப்புழுவுக்கு வலிக்குமா?

மல்பெரித் தோட்டம்

பென்னாகரம் பக்கம் வெண்பட்டு வளர்க்கிறோம். இந்த மழையில் ஐந்தாம் பருவப் புழுக்களுக்கு, அதாவது கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிக் கட்டத்தில் இருப்பவற்றுக்கு, பால்புழு நோய் வந்துவிட்டது. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: புழுவின் கணுவெல்லாம் உப்பி, தோல் பளபளக்கும். லேசாகப் பட்டாலே கிழிந்து பால் மாதிரி கசியும். நல்ல புழு இலையை விட்டு நகராது. நோய்ப்புழுவோ இலையைத் தொடாது. படுக்கையின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி ஊரும், கடைசியில் விளிம்பிலிருந்து கீழே விழும். அதைப் பொறுக்கி, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்த வாளியில் போட வேண்டும். வாளிக்குள்ளும் கொஞ்ச நேரம் நெளியும்.

பிளஸ் டூ படிக்கிற மகள் கூட வந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, இதுக்கு வலிக்காதா?" என்று கேட்டாள். "புழுவுக்கு என்னத்தடி வலி" என்றார் மாமியார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. முட்டை பொரித்து மயிர் மாதிரி வந்ததிலிருந்து ராப்பகலாக இலை போட்டு வளர்த்தது. கூட்டுக்குள் இருக்கும் புழுவை அப்புறம் சூட்டில் கொல்கிறார்களே, அதற்கும் இதே கேள்விதான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மனசு ஆறட்டும் என்று எதையும் சொல்ல வேண்டாம்.

சேலத்தான்

சகோதரி, வீணாகக் கவலைப்படுகிறீர்கள். வலி உள்ள பிராணி அடிபட்ட இடத்தைப் பொத்திக்கொள்ளும், நொண்டும். பூச்சி அப்படிச் செய்யாது. கால் நசுங்கிய பூச்சி அதே காலை அழுத்தி ஊன்றி நடக்கும். கும்பிடுபூச்சி ஒரு பக்கம் தின்றுகொண்டிருக்க, வெட்டுக்கிளி மறுபக்கம் இலையைத் தின்றுகொண்டிருக்கும். 1984இல் ஐஸ்மான் என்கிற ஆய்வாளரின் குழுவினர் இதையெல்லாம் தொகுத்தே எழுதியிருக்கிறார்கள். நெளிவது வெறும் அனிச்சைச் செயல்.

பூச்சிநோக்கி

அக்கா, நான் வேளாண் பூச்சியியல் படித்தவன். நீங்கள் கேட்ட விதத்துக்காகவே நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ஓரத்தைச் சுற்றி ஊர்வது. பார்க்கிறவருக்குத் துடிப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த அலைச்சலைக் கிளப்பிவிடுவது வைரஸ். நோய் தரும் வைரஸில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை நீக்கிவிட்டுப் புழுக்களுக்குத் தொற்ற வைத்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. தொற்றிய பிறகும் அந்தப் புழுக்கள் அப்படி அலையவில்லை. ஊர்ந்து போய் விழுந்தால்தான் நோய் நாலு இடத்துக்குப் பரவும், வைரஸுக்கு அதுதான் தேவை. ஆகவே அந்த ஊர்தலை வேதனைக்குச் சாட்சியாக எடுக்க முடியாது.

இதே நியாயம் சேலத்து நண்பருக்கும் பொருந்தும். நொண்டவில்லை என்பதால் வலி இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆறு காலும் வெளியே எலும்புக்கூடும் உள்ள உடம்பு நம்மைப் போலவே நொண்ட வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? வெளியே தெரிகிற கோலம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். அதனால்தான் கடந்த பத்துப் பதினைந்து வருடமாக ஆய்வாளர்கள் வேறு மாதிரிக் கேள்வி கேட்கிறார்கள்: சூட்டையும் ஆசையையும் அந்தப் பூச்சி எடைபோட்டுப் பார்க்கிறதா?

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்காவின் குழு 2022இல் பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீக்களிடம் இதைச் சோதித்தது. சில சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளின் அடியை 55 டிகிரிக்குச் சூடாக்கினார்கள், சிலவற்றைச் சும்மா விட்டார்கள். இனிப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தபோது தேனீக்கள் சூட்டைத் தவிர்த்தன. சூடான குப்பியில் மட்டும் இனிப்பு தூக்கலாக இருந்தபோது, பொறுத்துக்கொண்டு அங்கே போயின. எது சூடு, எது இனிப்பு என்பதை நிறத்தை வைத்து ஞாபகத்திலிருந்து எடுத்தன. சுட்டதும் காலை இழுப்பதுதான் அனிச்சை. எத்தனை இனிப்புக்கு எத்தனை சூடு தாங்கலாம் என்று முடிவெடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதே குழுவினர் பின்னர் 65 டிகிரிச் சூட்டை உணர்கொம்பில் வைத்துப் பார்த்தபோது, சுட்ட கொம்பையே அந்தத் தேனீ திரும்பத் திரும்பத் தடவியது. நண்பர் கேட்ட 'பொத்திக்கொள்வது' இதற்கு ரொம்பப் பக்கம்.

இவ்வளவும் தேனீக்கு. தேனீ மூளையில் சுமார் 10 லட்சம் நரம்பணுக்கள், நம்மிடம் 8,600 கோடி. அந்தச் சின்ன மூளையில் உணர்வு எப்படி இருக்கும், இருக்கிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. தேனீயிடம் கண்டதை அப்படியே புழுவின் தலையில் ஏற்றுவதும் சரியில்லை.

புழுவுக்குப் பக்கத்தில் வருகிற சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 2008இல் செய்தது. புகையிலையைத் தின்னும் கொம்புப்புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஐந்தாம் பருவத்தில் அதைக் கற்ற புழு, கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளிவந்த பிறகும் அந்த வாசனையை விட்டு விலகிப் போனது. மூன்றாம் பருவத்தில் கற்றவை மறந்துவிட்டன. உடம்பே கரைந்து புதிதாகிற அந்த நிலையையும் தாண்டி, பட்ட அடி மூளையில் தங்கியிருக்கிறது. நீங்கள் பொறுக்குவதும் ஐந்தாம் பருவப் புழுதான். ஞாபகம் இருப்பதால் வலி உண்டு என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் "புழுவுக்கு என்னத்தடி" என்று சொல்லிவிட்டுப் போகிற துணிச்சல் அதைப் படித்த பிறகு எனக்கு இல்லை. மகளிடம் "தெரியாது, ஆனால் இருக்கலாம்" என்று சொல்லுங்கள். இன்றைக்கு நேர்மையான பதில் அதுதான்.

கூடு விஷயம்: பலரும் உயிரோடு கொதிநீரில் போடுவதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே ஆவியிலோ சூடான காற்றிலோ கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுவார்கள். அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே இழையாக ஓடுகிற நூல் அறுந்துபோகும். அகிம்சைப் பட்டில் பூச்சியை வெளியே விட்டுவிட்டு, அறுந்ததைப் பஞ்சு மாதிரி நூற்கிறார்கள். ஆனால் வெளியே வருகிற அந்துப்பூச்சிக்குப் பறக்க வராது, தின்ன வாயும் கிடையாது. ஒன்று நானூறு முட்டை இடும். அத்தனை குஞ்சுப் புழுவுக்கும் இலை போடாவிட்டால் பட்டினிதான். அதனால் அந்தப் பேரை என்னால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை.

மார்த்தாண்டம் தேன்

தேனீயைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் தோட்டத்துக்குப் பெட்டிகளை ராத்திரி வண்டியில் கொண்டுபோய் இறக்குவோம். இறக்கின அன்றைக்குப் பெட்டியைத் திறக்காதே என்பது அப்பா காலத்துப் பழக்கம். குலுங்கி வந்த கூட்டம் குணம் மாறித்தான் இருக்கும்.

2011இல் இங்கிலாந்தில் தேனீக்களை ஒரு நிமிடம் குலுக்கிவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். ஒரு வாசனைக்குச் சர்க்கரை, இன்னொன்றுக்குக் கசப்பு என்று முதலிலேயே பழக்கியிருந்தார்கள். பிறகு இரண்டும் கலந்த, எதுவென்று பிடிபடாத வாசனையைக் காட்டினார்கள். குலுக்காதவற்றை விட, குலுக்கியவை கசப்பாகத்தான் இருக்கும் என்று நாக்கை நீட்டாமல் இருந்தது அதிகம். நரம்புகளுக்குச் செய்தி கடத்தும் டோபமைன், செரட்டோனின் என்கிற வேதிப்பொருள்களின் அளவும் அவற்றின் ரத்தத்தில் இறங்கியிருந்தது. மனசு சரியில்லாதபோது நாமும் எல்லாவற்றிலும் கெட்டதைத்தானே எதிர்பார்க்கிறோம். இதைப் படித்ததிலிருந்து பெட்டியை ஏற்றுகிற பையன்களிடம் இன்னும் கறாராக இருக்கிறேன்.

சேலத்தான்

சூடான குப்பி ஆய்வு எனக்குப் புதிது. தேனீ வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். புழுவுக்கு இன்னும் இல்லை.

மல்பெரித் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. வைரஸ்தான் ஊர வைக்கிறது என்றதும் மகளே ஆச்சரியப்பட்டாள். கூட்டைச் சூட்டில் வைப்பது என் கையில் இல்லை, அதை வாங்குகிறவர்கள் செய்கிறார்கள். வாளி என் கையில்தான் இருக்கிறது. பூச்சிநோக்கி தம்பி, பிளீச்சிங் கரைசலில் நெளிய விடாமல் சட்டென்று முடிக்க வழி உண்டா? நசுக்கினால் அந்தப் பால் தெறித்து நோய் பரவும், அது முடியாது.

பூச்சிநோக்கி

நசுக்கவே கூடாது, சரியாகச் சொன்னீர்கள். பொறுக்கியதை ஒரு காலி வாளியில் சேருங்கள். புழு மனைக்கு வெளியே கொண்டுபோய், கொதிக்கிற தண்ணீரை எல்லாம் முழுகுகிற அளவுக்கு ஒரேயடியாக ஊற்றுங்கள். அந்தச் சின்ன உடம்பு நொடியில் அடங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டாம், அது இழுத்தடிக்கும். ஆறிய பிறகு எப்போதும் போலப் பிளீச்சிங் சுண்ணாம்பு போட்டு, தோட்டத்துக்குத் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். ஒரு பானை தண்ணீர் கொதிக்க வைக்கிற வேலைதான் கூடுதல். காலையில் இலை போடுவதற்கு முன்பே பொறுக்கிவிடுங்கள், ஓரத்தில் ஊர்கிறவை அப்போது பளிச்சென்று கண்ணில் படும்.